செல்லுக்குள் ஊசி வைத்தால் செடி என்ன சொல்லும்?

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்கிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருவான்மியூரில் வீடு. போர் தண்ணீர் உப்பு. மாடியில் வைத்த தக்காளி அந்தத் தண்ணீரைக் குடித்துத் தவிக்கிறது. எம்.எஸ்சி. கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு மூன்று மாதம் இருக்கிறது. இலை வாடுவதற்கு முன்பே, உயிரோடு இருக்கும் செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறுவதை ஒரு மின்வேதி உணரியால் நேரடியாக அளக்க முடியுமா, எந்த மின்முனை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியில் பார்த்த ஓர் இலை உணரியையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கேட்டது மின்முனையைப் பற்றித்தான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஊசிபோன்ற மின்முனை செல்லுக்கு உள்ளே போகுமா? அது அளப்பது நிஜமாகவே ஸ்ட்ரெஸ்தானா? வருகிற எண்ணை நம்பலாமா? சட்டென்று பதில் சொல்வதென்றால்: செல்லுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கலாம், உள்ளே போகும் வேலை உங்களுக்கு வேண்டாம். அளப்பது ஸ்ட்ரெஸ்ஸோடு தொடர்புள்ள ஒரு மூலக்கூறை மட்டும். எண்ணின் அளவை அரைகுறையாகத்தான் நம்பலாம். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதை நன்றாகவே நம்பலாம்.

நான் செடிக்காரன் இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் படித்து, அப்புறம் சென்னைக்கு வந்து, பத்தொன்பது வருடமாக மின்முனைகளோடு மாரடிக்கிறேன். கடைசி எட்டு ஒன்பது வருடமாகத்தான் தாவரவியல் நண்பர்களோடு சேர்ந்து இலைகளைத் தொடுகிறேன். அதனால் மின்னோட்டம், மின்முனை பற்றிச் சொல்வதை என் கைப்பட்ட அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் உள்விவகாரம் பற்றிச் சொல்வது அவர்களிடம் கற்றது. ஒரு சின்னத் தொல்லையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஸ்ட்ரெஸ், பிரஷர், வோல்ட்டேஜ் மூன்றையும் நம் பாடநூல்கள் அழுத்தத்தில் கொண்டுபோய்த்தான் முடிக்கின்றன. இந்தப் பதிலில் மூன்றுமே வருகின்றன. ஆகவே ஸ்ட்ரெஸ்ஸை ஸ்ட்ரெஸ் என்றே எழுதுகிறேன், தமிழாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

முதலில், என்ன அளக்கிறோம்? ஆக்சிஜனை வைத்துப் பிழைக்கும் எந்தச் செல்லிலும் ஆக்சிஜன் அரைகுறையாக எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடு ஆகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. இரும்பு அயனி பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் வருகிறது. செடியில் இதற்குப் பிறப்பிடங்கள் பல. வெயில் அதிகமாகும்போது பசுங்கணிகம், ஒளிச்சுவாசம் நடக்கும்போது பெராக்சிசோம், எந்நேரமும் மைட்டோகாண்ட்ரியா. இவை தவிர, செல் சவ்விலேயே உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே சூப்பராக்சைடை வெளியே தள்ளும் ஒரு நொதியும் உண்டு. நோய்க்கிருமி வந்தால், காயம் பட்டால், அது சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். இவற்றில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் நானோவினாடிக் கணக்கில் தீர்ந்துபோகிறது. பிறந்த இடத்தைவிட்டு நகர்வதற்குள் எதையாவது கடித்துவிடும். சூப்பராக்சைடுக்கு ஆயுள் அதைவிடக் கூடுதல், ஆனால் மின்னூட்டம் இருப்பதால் சவ்வைத் தாண்டச் சிரமப்படும். பெராக்சைடுதான் ஓரளவு நின்று நிதானமாக இருக்கிறது. தண்ணீர் போகும் அக்குவாபோரின் வாசல்கள் வழியே அதுவும் வெளியே வரும். உணரி செய்பவர்கள் எல்லோரும் பெராக்சைடைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் அது முக்கியமான மூலக்கூறு என்பதைவிட, கைக்கு அகப்படும் மூலக்கூறு என்பதுதான்.

ஆனால் பெராக்சைடு ஏறினாலே செடி துன்பப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. வேர் நீளவும், இலைத்துளை மூடவும், செல் சுவர் கெட்டியாகவும் செடி அதை வைத்தே வேலை செய்கிறது. ஆக்சிஜனேற்ற ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை 1985-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் ஸீஸ், உருவாவதற்கும் அழிப்பதற்கும் இடையிலான சமநிலை கெடுவதைத்தான் அப்படிச் சொன்னார். சமநிலையின் ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியுமா? புகை வருவது தெரிகிறது. எரிவது அடுப்பா கூரையா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே புராஜெக்ட் தலைப்பில் 'ஸ்ட்ரெஸ் அளவீடு' என்று போடாதீர்கள். 'பெராக்சைடு வெளியீடு' என்று போடுங்கள். வைவாவில் ஒரு கேள்வி குறையும்.

அளக்கும் முறை எளிது. பிளாட்டினம் கம்பிக்கு, வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையைவிட (மின்னழுத்தத்தை எதிலிருந்து அளக்கிறோமோ அந்த நிலையான முனை) சுமார் 0.6 முதல் 0.7 வோல்ட் கூடுதலாகக் கொடுத்தால், அதை வந்து தொடும் ஒவ்வொரு பெராக்சைடு மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஆக்சிஜனாகிவிடும். அந்த எலெக்ட்ரான்களை மின்னோட்டமாக எண்ணுகிறோம். லேலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்ட ஆக்சிஜன் மின்முனையும் ஏறக்குறைய இதே அமைப்புதான், எதிர்த் திசையில் வேலை செய்யும். ஆரம்பகால ஆய்வகச் சர்க்கரைக் கருவிகள், குளுக்கோஸை நொதியால் ஆக்சிஜனேற்றி, அப்போது வரும் பெராக்சைடை இப்படித்தான் அளந்தன. கருத்து பழையது. சிக்கல் எல்லாம் அளவில். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு மின்முனை, 1 மைக்ரோமோலார் பெராக்சைடு கரைசலில் இருந்தால் எவ்வளவு மின்னோட்டம் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு, எலெக்ட்ரான் எண்ணிக்கை 2, ஃபாரடே மாறிலி 96485, விரவல் குணகம் வினாடிக்குச் சுமார் 1.4 × 10⁻⁹ சதுர மீட்டர், செறிவு, ஆரம், எல்லாவற்றையும் பெருக்கினால் 5 பிக்கோஆம்பியர் சொச்சம். ஒரு ஆம்பியரின் லட்சம் கோடியில் ஐந்து பங்கு. பக்கத்து அறையில் ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினாலே உங்கள் வரைபடம் அதைவிடப் பெரிதாகத் துள்ளும். வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக வலையான ஃபாரடே கூண்டு இல்லாமல் நுண்மின்முனை வேலையைத் தொடவே கூடாது. நாங்கள் முதலில் கோழிக்கூண்டு வலையைச் சுற்றித்தான் செய்தோம், நன்றாகவே வேலை செய்தது.

அளவைவிடப் பெரிய சிக்கல், செடியின் சாறு. 0.6 வோல்ட்டில் பிளாட்டினம் பெராக்சைடை மட்டும் பார்த்துச் சிரிப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் தின்னும். வைட்டமின் சி அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றமாகும். இலைச் செல்லில் அது மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. பெராக்சைடு மைக்ரோமோலாரிலோ அதற்கும் கீழோ. ஆயிரம் பேர் கத்தும் இடத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை. விலங்குச் செல்லோடு வேலை செய்பவர்கள் நாஃபியான் என்ற எதிர்மின் படலத்தைப் பூசி வைட்டமின் சி-யை விரட்டிவிடுவார்கள், ஏனென்றால் அதுவும் எதிர்மின்னூட்டம் கொண்டது. செடியில் அது மட்டும் போதாது. ஃபீனால்கள் இருக்கின்றன. மின்னூட்டம் இல்லாதவை படலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வந்து எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மின்முனைமேல் பிசினாகப் படியும். வாழைக்காய் நறுக்கிய கத்தியும் கையும் கறுத்துப் பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பூவை நறுக்கியதும் அம்மா மோர்த் தண்ணீரில் போடுவாரே, அந்த வேதியியலேதான். உங்கள் மின்முனைக்கு மோர் கிடையாது. அரை மணி நேரத்தில் உணர்திறன் பாதியாகிவிடும். பெராக்சைடு குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இதிலிருந்து தப்பிக்க நல்ல வழி, மின்னழுத்தத்தையே குறைப்பது. சுழியம் வோல்ட் அருகே வைட்டமின் சி-யும் ஃபீனாலும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் பெராக்சைடிடமிருந்து எலெக்ட்ரானை வாங்குவதற்குப் பதில் அதற்கே கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு வினையூக்கி தேவை. பிரஷ்யன் நீலம் அந்த வேலையை அழகாகச் செய்யும். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் சாயமாகப் பிறந்த அதே இரும்புச் சேர்மம், கட்டட வரைபடங்களை ப்ளூபிரிண்ட் என்று சொல்ல வைத்த நீலம். 1990-களில் ரஷ்ய வேதியியலாளர் அர்காடி கார்யாகின் முதலானவர்கள் இதைப் பெராக்சைடு மின்முனையாக்கினார்கள். அது காரத்தில் கரைந்துபோகும், இரத்தத்தின் காரகாடி நிலையான 7.4-லேயே மெதுவாகத் தேயத் தொடங்கிவிடும். ஆனால் செடியில் செல்லுக்கு வெளியே உள்ள சாறு 5 முதல் 6 வரையிலான அமிலப் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவக்காரர்களுக்குக் குறையாக இருப்பது நமக்கு ஒரு குறையே இல்லை. இன்னொரு வழி, குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் நொதியை மின்முனைமேல் கட்டிவைப்பது. பெயரைக் கேட்டதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது அந்தக் காரமான கிழங்கு கிடைக்காமல் நம் முருங்கை வேரை அதற்குப் பதிலாகச் சாப்பிட்டார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் இன்னும் 'ஹார்ஸ்ரேடிஷ் ட்ரீ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நொதி மின்முனை உணர்திறனில் உசத்தி, ஆனால் சென்னை வெயிலில் மாடியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உங்களுக்குப் பிரஷ்யன் நீலமே போதும்.

சரி, செல்லுக்கு உள்ளே போவது. முதிர்ந்த இலைச் செல் ஒன்று சில பத்து மைக்ரோமீட்டர் குறுக்களவு. அதை நிரப்பியிருப்பதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு வாக்குவோல் என்னும் நீர்ப்பை. நீங்கள் ஆர்வமாக இருக்கும் சைட்டோபிளாசம் சுவரோரமாக மெல்லிய பூச்சுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஊசியைக் குத்தினால் அது போய் நிற்பது பெரும்பாலும் அந்த நீர்ப்பையில்தான், ஃபீனால் சேமிப்புக் கிடங்கும் அதுவே. அடுத்தது உள்ளழுத்தம். நல்ல தண்ணீர் குடித்த செடியின் செல்லில் 5, 6 வளிமண்டல அழுத்தம் சாதாரணம். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று அதில் பாதிகூட இருக்காது. அந்த டயரில் ஆணியைச் செருகிவிட்டு உள்ளே காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்று அளப்பதுபோல்தான் இந்த வேலை. செல் சுவரைக் கரைத்துவிட்டுப் புரோட்டோபிளாஸ்ட்டாக எடுத்து, அதன் சவ்வருகே நுண்மின்முனையை வைத்து அளந்திருக்கிறார்கள், நல்ல வேலைகள் இருக்கின்றன. ஆனால் சுவரைக் கழற்றிய செல்லே ஸ்ட்ரெஸ்ஸில் இருக்கும் செல். அது அமைதியாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, ஊசியே ஒரு காயம். காயம் பட்ட இடத்திலிருந்து இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளின் சமிக்ஞை அலைபோல் பரவும் என்பது நிறுவப்பட்ட விஷயம். 2009-ல் ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் அதன் வேகத்தை நிமிடத்துக்கு 8.4 செமீ என்று அளந்தார்கள். அந்த வேகத்தில் தக்காளி இலை ஒன்றை அது சில நிமிடங்களில் கடந்துவிடும். உப்புக்காக நீங்கள் காத்திருக்கும் ஊசி, தான் குத்தியதற்கான பதிலைத்தான் முதலில் கேட்கும். எந்த ஊசி உணரியிலும் முதல் ஒரு மணி நேரத் தரவை நான் பொதுவாகப் பார்ப்பதே இல்லை. அந்த நேரத்தில் எடுத்த வரைபடத்தை முதன்மை முடிவாகப் போட்ட கட்டுரை கையில் வந்தால் கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டுதான் படிப்பேன்.

நீங்கள் செய்தியில் பார்த்தது அநேகமாக இலையின் அடியில் ஒட்டும் நுண்ணூசி ஒட்டியாக இருக்கும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2025-ல் வெளியிட்டார்கள். சோயா, புகையிலை இலைகளில் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டதைப் பெராக்சைடு ஏற்றமாகக் காட்டியது, ஒரு நிமிடத்துக்குள் அளவு கிடைத்தது, ஒரு சோதனைக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்றார்கள். நல்ல பொறியியல், எனக்குப் பிடித்திருக்கிறது. நோயுள்ள இலை, நோயில்லா இலை என்று பிரித்துக் காட்ட அது போதும். ஆனால் அப்படிப்பட்ட ஊசிகள்மேல் பூசும் கூழில் கைட்டோசான் இருப்பது வழக்கம். கைட்டோசான் எங்கிருந்து வருகிறது? இறால் ஓட்டிலிருந்து. காசிமேட்டில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்குமே, அதிலுள்ள கைட்டினைக் காரத்தில் பதப்படுத்தி எடுப்பது. பூஞ்சைகளின் சுவரிலும் அதே கைட்டின்தான். அந்த வாசனை பட்டதும் பூஞ்சை வந்துவிட்டது என்று நினைத்துச் செடி தற்காப்பைத் தொடங்கும், அந்தத் தற்காப்பின் முதல் படியே பெராக்சைடு. கைட்டோசானைப் பயிர்களுக்குத் தெளித்து எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஏன் சத்தம் கேட்கிறது என்று விசாரிக்கிற உணரி அது. நோயுள்ள இலையோடு நோயில்லா இலையை ஒப்பிடும்போது இந்தத் தட்டல் இரண்டிலும் ஒன்றாகக் கழிந்துவிடும். ஒற்றை இலையின் எண்ணை மட்டும் எடுத்துச் சொன்னால் கழியாது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செடி வேலைக்கு வந்த முதல் வருடம். கீரை இலைமேல் மின்முனையை வைத்து, இருட்டில் அரை மணி காத்திருந்து, விளக்கைப் போட்டோம். மின்னோட்டம் சட்டென்று ஏறியது. அணைத்தால் இறங்கியது. திரும்பப் போட்டால் திரும்ப ஏறியது. பசுங்கணிகம் வெளிச்சத்தில் பெராக்சைடு உண்டாக்குவதை நேரலையில் பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சுருக்கக் கட்டுரைகூட எழுதத் தொடங்கிவிட்டோம். எங்கள் மூத்தவர் ஒருவர் வந்து, வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இலையை எடுத்துட்டு நனைஞ்ச ஃபில்டர் பேப்பரை வைய்யுங்கப்பா" என்றார். வைத்தோம். ஃபில்டர் பேப்பரும் வெளிச்சத்தில் பெராக்சைடு விட்டது! ஒப்பீட்டு மின்முனையில் இருந்த வெள்ளிக் குளோரைடுதான் குற்றவாளி. பழைய ஃபிலிம் ரோல்களில் வெளிச்சத்தைப் பிடித்த வெள்ளி உப்புகளின் குடும்பம் அது, வெளிச்சம் பட்டால் அதன் மின்னழுத்தம் நகரும். கறுப்பு டேப்பைச் சுற்றியதும் எங்கள் கண்டுபிடிப்பு காணாமல் போனது. அன்றிலிருந்து என் மாணவர்கள் எந்த இலைக்கு முன்னாலும் ஒரு ஃபில்டர் பேப்பருக்கு ஸ்ட்ரெஸ் கொடுத்துப் பார்ப்பார்கள்.

உங்கள் உப்புச் சோதனையில் இதே ஒப்பீட்டு மின்முனை இன்னொரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் அச்சிட்ட மின்முனைகளில் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு திறந்த நிலையில் கரைசலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் மின்னழுத்தத்தை முடிவு செய்வது கரைசலில் உள்ள குளோரைடு. குளோரைடு பத்து மடங்கு கூடினால் அது சுமார் 59 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். நீங்கள் செய்யப்போவது என்ன? சோடியம் குளோரைடை ஊற்றப்போகிறீர்கள். செடி எதுவும் சொல்வதற்கு முன் அளவுகோலே நகரும். பிளாட்டினமாக இருந்தால் கூடுதலாக ஒரு சங்கடம், குளோரைடு அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டு பெராக்சைடு வினையையே மந்தமாக்கும். பிரஷ்யன் நீலத்துக்கோ சோடியம் ஆகாது. அதன் படிகக் கூட்டுக்குள் பொட்டாசியம் நுழைந்து வெளியேறினால்தான் வினை ஓடும், நீர் சூழ்ந்த சோடியம் அயனி அந்த வாசலுக்குப் பருமன். ஆகவே கரைசலில் எப்போதும் போதுமான பொட்டாசியம் குளோரைடை மாறாமல் வையுங்கள். ஒப்பீட்டு மின்முனையைத் தனியாக, பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் பாலத்துக்கு அப்பால் வையுங்கள். உப்பு சேர்த்த கரைசலிலேயே, இலை இல்லாமல், அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். இந்த மூன்றையும் செய்யாத உப்புப் புராஜெக்ட்டைப் பார்த்தால் நான் முடிவுப் பக்கத்தைப் படிக்கவே மாட்டேன்.

வந்த மின்னோட்டம் பெராக்சைடுதானா என்று சோதிக்க எல்லோரும் கேட்டலேஸ் நொதியை ஊற்றுவார்கள். பெராக்சைடை அது உடைத்துவிடும், மின்னோட்டம் விழ வேண்டும். விழும். ஆனால் எந்தப் புரதத்தை ஊற்றினாலும் மின்முனைமேல் ஒட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும். அதனால் அதே கேட்டலேஸைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதையும் தனியாக ஊற்றிப் பாருங்கள். உயிருள்ள நொதியில் விழுந்து, வெந்த நொதியில் விழாமல் இருந்தால்தான் சாட்சி செல்லும். பாட்டிலின் லேபிளையும் படியுங்கள். சில மாட்டுக்கல்லீரல் கேட்டலேஸ் சரக்கில் கெடாமலிருக்கத் தைமால் சேர்த்திருப்பார்கள். நம் ஓமத்தின் மணமே அந்தத் தைமால்தான், அதுவும் ஒரு ஃபீனால். அப்புறம் பெராக்சைடு கரைசல். பாட்டிலில் 30 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்து, 43.6 என்ற குணகத்தால் வகுத்துச் செறிவைக் கண்டுபிடியுங்கள். நீர்த்த கரைசலைத் தினமும் புதிதாகச் செய்யுங்கள். ஏசி அறையில் 24 டிகிரியில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு மாடியில் 36 டிகிரியில் அளக்காதீர்கள். டிகிரிக்கு 2, 3 சதவீதம் மின்னோட்டம் ஏறும், பன்னிரண்டு டிகிரிக்குக் கால் பங்குக்கு மேல். செடிக்கு எதுவும் ஆகாமலே உங்கள் வரைபடத்தில் மே மாதம் தெரியும்.

எண்ணின் அளவை ஏன் அரைகுறையாக நம்பச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும். இலையில் பெராக்சைடு எவ்வளவு என்று இதுவரை வந்த கட்டுரைகளை எடுத்தால், ஒரே வகைச் செடிக்கே நூறு மடங்கு வித்தியாசம் சாதாரணமாகக் கிடக்கிறது. அதில் பெரும்பங்கு அரைத்துப் பிழிந்து அளந்த முறைகளின் கோளாறு. மின்முனை அந்தத் தவறைச் செய்வதில்லை, ஆனால் தன் தவறுகளைச் செய்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது: தூண்டியதற்குப் பின் எத்தனை நிமிடத்தில் ஏற்றம் தொடங்கியது, எப்போது உச்சம், கேட்டலேஸில் விழுந்ததா, பக்கத்து ஒப்பீட்டுச் செடியில் அது இல்லையா. ஓரளவு சொல்லக்கூடியது: எத்தனை மடங்கு ஏறியது. சொல்லவே கூடாதது: சைட்டோபிளாசத்தில் இத்தனை மைக்ரோமோலார் என்று.

ஆகவே மூன்று மாதத்துக்கு நான் சொல்லும் திட்டம் மாடியிலிருந்து தள்ளியே இருக்கிறது. செடிகளை இரண்டு கூட்டமாக வளருங்கள், ஒன்றுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்கு உங்கள் போர் தண்ணீர். போர் தண்ணீரின் கடத்துதிறனைச் சாதாரண மீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். தக்காளிக்கு வேர் மண்சாற்றில் மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸ் தாண்டினால்தான் விளைச்சல் குறையத் தொடங்கும். உங்கள் தண்ணீர் அதற்கு வெகு கீழே இருந்தால் பிரச்சினை உப்பே இல்லையோ என்று யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டு கூட்டத்திலிருந்தும் இலை வட்டுகளை வெட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், வெட்டியதற்கான கோபம் அடங்கட்டும். காலையில் சின்னக் கிண்ணத்தில் பிரஷ்யன் நீல மின்முனைமேல் வட்டை வைத்து, பாக்டீரியாவின் வால் புரதத்திலிருந்து எடுத்த 22 அமினோ அமிலத் துண்டை, எஃப்எல்ஜி22 என்பார்கள், சேருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சம் வந்து, அரை மணி, முக்கால் மணியில் அடங்கும். இந்த ஏற்றம் நம்பகமானது, உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தது. உப்புக் குடித்து வளர்ந்த செடியில் அதே தூண்டலுக்கு அதே ஏற்றம் வருகிறதா, தாமதமாகிறதா, குட்டையாகிறதா என்பது உங்கள் கேள்வியாக இருக்கட்டும். உப்பை நேரடியாக வட்டின்மேல் ஊற்றி உடனடி ஏற்றம் தேடும் சோதனை என் கையில் இதுவரை ஒரே மாதிரி இரண்டு தடவை வந்ததில்லை. செடியில் உப்பு இரண்டு தவணையாக வேலை செய்கிறது. முதலில் தண்ணீரை இழுக்க விடாமல் செய்வது, அது உடனே தெரியும். இலையில் சோடியம் சேர்ந்து நச்சாவது நாள்கணக்கில். இரண்டாவதை அரை மணி நேரத்து வரைபடத்தில் தேட முடியாது. கூடவே டாப் (DAB) என்ற, பெராக்சைடு இருக்கும் இடத்தில் பழுப்பாகும் சாயத்தில் சில வட்டுகளை ஊறவைத்து, வெந்நீர் ஆல்கஹாலில் பச்சையை வெளுத்துவிட்டு, பழுப்புப் புள்ளிகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இலை செத்துவிடும், ஆனால் இரண்டாவது சாட்சி கிடைக்கும்.

உப்போடு இந்த வேதியியலைப் படிக்க ஆசையிருந்தால் தரமணியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், கழிமுகத்துச் சேற்றில் வளரும் வெண்கண்டல் மரத்திலிருந்து சூப்பராக்சைடை அழிக்கும் நொதியின் மரபணுவை எடுத்து நெல்லில் வைத்து, அது உப்பைக் கூடுதலாகத் தாங்குவதைக் காட்டி 2008-ல் வெளியிட்டார்கள். தராசின் அழிக்கும் தட்டைப் பற்றிய வேலை அது, பெராக்சைடு மின்முனை பார்க்காத தட்டு. புராஜெக்ட் அறிமுகத்தில் அதையும் படித்துவிட்டு எழுதினால் கனமாக இருக்கும்.

வாங்க வேண்டியது என்று கேட்டால்: பிரஷ்யன் நீலம் கலந்த அச்சுக் கார்பன் மின்முனை ஒரு பெட்டி, ஒவ்வொரு வட்டுக்கும் புதிது, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். மின்னழுத்தத்தைக் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவியை வாங்காதீர்கள், உங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் நிச்சயம் ஒன்று தூசி படிந்து கிடக்கும், போய்க் கேளுங்கள். நான் சொன்ன மின்முனைகள் சில மில்லிமீட்டர் அகலம் என்பதால் மின்னோட்டம் நானோஆம்பியரில் வரும், பழைய கருவியே தாங்கும். முதல் இரண்டு வாரம் இலையைத் தொடாமல் பெராக்சைடு, உப்பு, வைட்டமின் சி, வெளிச்சம், ஃபில்டர் பேப்பர் இவற்றோடு மட்டும் விளையாடுங்கள். தக்காளி விதையை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். நான்கு, ஐந்து வாரச் செடியில்தான் வட்டு வெட்டத் தோதான இலை கிடைக்கும். பாதிக்குப் பாதி முளைக்காது என்று கணக்கு வைத்துக்கொண்டு கூடுதலாகவே போடுங்கள்.